குன்னூரில் இரண்டு வாரக் கோடை இசை வகுப்பு: பிள்ளைகளுக்கும் அம்மாவுக்கும் என்ன வரும்?

"மே மாதம் இரண்டு வாரம் குன்னூரில் அக்கா வீட்டில் தங்கப் போகிறோம். மகளுக்கு 8 வயது, மகனுக்கு 13, எனக்கு 41. மூன்று பேருமே இசை படித்ததில்லை. அங்கே கோடைகால இசை வகுப்பில் சேர்ந்தால் ஏதாவது வருமா, இல்லை நேரம்தான் போகுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரும். நான் கோத்தகிரியில் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். ஏப்ரல், மே வந்தால் உள்ளூர்ப் பிள்ளைகளோடு, கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து தாத்தா பாட்டி வீட்டுக்கு வரும் பிள்ளைகளும் பாயில் வந்து உட்காருவார்கள். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். இரண்டு வாரத்தில் காது சுருதிக்கு, அதாவது பாட்டுக்கு ஆதாரமாக ஒலிக்கும் நிலையான ஒலிக்குப் பழகும், கை தாளத்துக்குப் பழகும். இந்த இரண்டும் வந்துவிட்டால் ஜூனில் நீங்கள் எந்த ஊரில் எந்த ஆசிரியரிடம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இவை இல்லாமல் நாலு பாட்டை மனப்பாடம் செய்துகொண்டு திரும்பினால், பள்ளி திறந்து வீட்டுப்பாடம் தொடங்கியதும் அந்த நாலும் போய்விடும்.

அதனால் "கடைசி நாள் மேடை நிகழ்ச்சி உண்டு" என்று விளம்பரம் செய்யும் முகாம்களில் கொஞ்சம் நிதானியுங்கள். அப்படி ஒன்றை நேரில் பார்த்திருக்கிறேன். ஒரே கூடத்தில் நாற்பது பிள்ளைகள், ஒலிபெருக்கியில் பின்னணி இசை, எல்லோரும் சேர்ந்து அதே ஒரு பாட்டு. எந்தப் பிள்ளை சுருதியில் பாடுகிறது, எது வாயை மட்டும் அசைக்கிறது என்று ஆசிரியருக்கே தெரிய வழியில்லை. பெற்றோர் சந்தோஷமாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் நல்லது கிடைத்திருக்கலாமே என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

கர்நாடக சங்கீதத்தில் முதல் இரண்டு வாரம் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். முதலில் தம்பூரா ஒலியோடு ச, ப, மேல் ச மூன்றையும் நீட்டிப் பிடிப்பது. இது வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு அலுப்பாகத் தெரியும். ஆனால் முக்கால்வாசி வேலை இங்கேதான் நடக்கிறது. அப்புறம் சரளி வரிசை என்கிற முதல் சுரப் பயிற்சிகள், மாயாமாளவகௌளை ராகத்தில். புரந்தரதாசர் வகுத்த முறை என்பார்கள். 72 மேளகர்த்தாக்களில், அதாவது தாய் ராகங்களில், 15 ஆவதான இந்த ராகத்தை ஆரம்பப் பாடத்துக்கு வைத்ததில் ஒரு நல்ல காரணம் இருக்கிறது. ச-ரி நெருக்கம், ரி-க பெரிய தாவல், க-ம மறுபடி நெருக்கம். ப-த, த-நி, நி-ச இந்த மூன்றிலும் அதே இடைவெளிகள் அப்படியே திரும்ப வரும். கீழ்ப்பாதியில் தொண்டை பழகியதை மேல்பாதியில் பிள்ளை தானாகவே கண்டுபிடித்துவிடும். கூடவே ஆதி தாளம்: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு, மொத்தம் எட்டு அட்சரம் (எண்ணிக்கை). முதல் காலத்தில் நாலைந்து வரிசை நிதானமாக, அதில் ஒன்றிரண்டு இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், கூடவே ஒரு சின்ன நாமாவளி (இறைவன் பெயர்களைச் சொல்லும் எளிய பாட்டு). பத்துப் பன்னிரண்டு வகுப்பில் இவ்வளவு வந்தாலே நிறைவு. இதைவிட வேகமாகப் போகிற ஆசிரியரிடம் எதை விட்டுவிட்டு ஓடுகிறார் என்று தயங்காமல் கேளுங்கள்.

உங்கள் மகளுக்கு நான் கவனிக்கச் சொல்வது ஒன்றே ஒன்று, சுருதி. சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற எண்ணால் சொல்வோம். எட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 5 கட்டை, 5½ கட்டை வசதியாக இருக்கும். ஆண் ஆசிரியர்கள் பலர் 1 கட்டையில் பாடுவார்கள். அவருடைய சுருதியிலேயே பிள்ளையையும் பாட வைத்தால், கீழே போகும்போது குரல் அடைத்துக்கொள்ளும், மேலே போனால் கத்தல் வரும். பிள்ளை "எனக்குப் பாட்டு வராது" என்று முடிவு கட்டிவிடும். அதில் பிள்ளையின் குறை எதுவுமே இல்லை. நல்ல ஆசிரியர் முதல் நாளே சுருதிப் பெட்டியை ஏற்றி இறக்கி எந்தக் கட்டையில் குரல் இளகுகிறது என்று பார்ப்பார். இது நடக்கிறதா என்று அன்றைக்கு நீங்கள் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் உங்கள் மகள் ஒருமுறையாவது தனியாகப் பாடுகிறாளா என்பதையும்.

மகன் விஷயம் வேறு. 13 வயதில் பையன்களுக்குக் குரல் உடையத் தொடங்கும். இன்று எட்டுகிற சுரம் நாளை எட்டாது. மற்ற பிள்ளைகள் முன்னால் அப்படிக் குரல் பிசிறினால் அந்த வயதில் எவ்வளவு கூச்சம் இருக்கும்! அவனை வாய்ப்பாட்டில் கட்டாயப்படுத்த வேண்டாம். கொன்னக்கோல், அதாவது தாளச் சொற்களை வாயால் சொல்லும் கலை, சொல்லித்தருகிற மிருதங்க ஆசிரியர் கிடைத்தால் அதுதான் என் முதல் தேர்வு. வாத்தியம் வாங்க வேண்டாம், கையும் வாயும் போதும். தகிட மூன்று, தகதிமி நாலு, தகதகிட ஐந்து, தகிடதகதிமி ஏழு, தகதிமிதகதகிட ஒன்பது. இந்த ஐந்து ஜாதிகளையும் ஆதி தாளத்துக்குள் போட்டு, எங்கே சமத்தில் (தாளம் தொடங்கும் இடத்தில்) வந்து விழுகிறது என்று கணக்குப் பார்ப்பது அந்த வயதுப் பையன்களுக்கு உண்மையிலேயே பிடிக்கிறது. கணக்கில் ஆர்வமிருந்தால் கேட்கவே வேண்டாம்.

கிடார் கேட்கிறான் என்றால் அதுவும் சரிதான், தடுக்காதீர்கள். ஆனால் இரும்புக் கம்பியில் விரல்நுனி காய்த்துப் போகவே இரண்டு வாரம் ஆகிவிடும். வலியில் விட்டுவிடுவார்கள். நாலு நைலான் கம்பியுள்ள உகுலேலே இந்தக் குறுகிய காலத்துக்குப் பொருத்தம். சில நாளிலேயே மூன்று நாலு கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) பிடித்துத் தாளத்தோடு மீட்டலாம். ஆங்கிலப் பள்ளிகளும் தேவாலயப் பாடகர் குழுக்களும் நெடுங்காலமாக இருக்கிற மலை இது என்பதால், ஊட்டி, குன்னூர் பக்கம் மேற்கத்திய இசை சொல்லித்தருகிறவர்கள் கிடைப்பார்கள். டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் என்கிற மேற்கத்திய இசைத் தேர்வுகளைப் பற்றி இந்தப் பயணத்தில் யோசிக்க வேண்டாம். அதற்கு மாதக்கணக்கில் தயாரிப்பு வேண்டும்.

இனி உங்களுக்கு. கேள்வியில் உங்களைக் கடைசியாகப் போட்டிருக்கிறீர்கள், ஆனால் நீங்களும் கட்டாயம் சேருங்கள். பெரியவர்களுக்குப் பாடம் சீக்கிரம் புரிந்துவிடும், தொண்டை மெதுவாகத்தான் வரும். அந்த இடைவெளியில்தான் பலர் மனம் தளர்ந்து நின்றுவிடுகிறார்கள். காலையில் கீழ்ஸ்தாயியில் (தாழ்ந்த சுரங்களில்) மெல்ல ஆகாரம், அதாவது "ஆ" என்று நீட்டிப் பாடுவது, வாய் மூடி முனகுவது, இதையே முதல் வாரம் செய்யுங்கள். பெரியவர்களுக்கென்று பட்டறை ஏதாவது நடந்தால், நிறைய ராகங்களைத் தொட்டுப் போகிறதைவிட ஒரே ராகத்தில் நிற்கிறதைத் தேர்ந்தெடுங்கள். மோகனம் எடுத்துக்கொள்ளுங்கள். ச ரி க ப த, ஐந்தே சுரம், காதுக்கு ஏற்கனவே பழகியது. இரண்டு மூன்று அமர்வில் ஒரு கச்சேரியைக் கேட்கும்போது "இது மோகனம்" என்று நீங்களே சொல்கிற அளவுக்கு வந்துவிடலாம். முடிந்தால் மகளின் வகுப்பில் கடைசிப் பத்து நிமிடம் அவளோடு சேர்ந்து பாடுங்கள். அம்மாவும் தன்னைப் போலத் தடுமாறி, திரும்பப் பாடுவதைப் பார்க்கிற பிள்ளைக்குத் தவறிப்போகிற பயம் விட்டுப்போவதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

மலைக்கென்று சில விஷயங்கள் இருக்கின்றன. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். சமவெளியிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு முதல் ஓரிரு நாள் மேடேறினாலே மூச்சு வாங்கும், தொண்டையும் கரகரக்கும். வந்த மறுநாளே வகுப்பில் போடாமல் மூன்றாம் நாள் தொடங்குங்கள். விடியற்காலைச் சாதகம் என்று யாராவது வற்புறுத்தினால், பிள்ளைகளுக்கு இங்கே அது வேண்டாம். மூடுபனி விலகி வெயில் வந்தபிறகு, ஒன்பது பத்து மணிக்குக் குரல் தானாகத் திறக்கும். வகுப்புக்கு முன் வெந்நீர் ஒரு தம்ளர்.

வாத்தியம் கொண்டுவந்தால் அதுவும் இந்தக் காற்றுக்குப் பழக வேண்டும். மே மாத மத்தியானங்களில் மழை பெய்யும். ஈரம் ஏறினால் மிருதங்கத்தின் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், வகுப்பில் பாதி நேரம் கல்லால் தட்டிச் சேர்ப்பதிலேயே போகும். உறையை விட்டு அநாவசியமாக எடுக்காதீர்கள், ஆனால் கணப்பு அடுப்பு, ஹீட்டர் பக்கத்திலும் வைக்காதீர்கள். சட்டென்று காய்ந்தால் தோலும் மரமும் வெடிக்கும். புல்லாங்குழல் குளிரில் தாழ்ந்து ஒலிக்கும். காற்று ஒரு டிகிரி குளிர்ந்தால் ஒலியின் வேகம் விநாடிக்கு சுமார் 0.6 மீட்டர் குறைகிறது, அதனால்தான். கொஞ்ச நேரம் உள்ளே ஊதிச் சூடாக்கிவிட்டுப் பிறகு சுருதி பாருங்கள்.

போக்குவரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மே என்றால் ஊட்டியில் மலர்க் கண்காட்சி, கூட்டம். குன்னூரிலிருந்து ஊட்டி சுமார் 20 கிலோமீட்டர்தான் என்று நினைத்து அங்கே வகுப்பு எடுக்காதீர்கள். சீசனில் பிள்ளைகள் வண்டியிலேயே சோர்ந்துவிடுவார்கள். அக்கா வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் சாதாரண ஆசிரியர், தொலைவில் இருக்கும் பேர்போன முகாமைவிட மேல். சொந்த வண்டியில் வருவதாக இருந்தால், நீலகிரிக்குள் நுழைய இணையத்தில் வாங்கும் அனுமதியான இ-பாஸ் எடுத்துவிடுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு அது நடைமுறையில் இருக்கிறது. செலவு பார்க்க வேண்டுமென்றால், கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் கோடையில் பிள்ளைகளுக்குப் பாட்டு, நடனம், ஓவியம் சொல்லித்தருவதுண்டு. அந்த வருடம் எங்கே, எப்போது என்று அக்காவை ஏப்ரலிலேயே விசாரிக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவு தூரம் வருகிற பிள்ளைகள் இந்த மலையின் சொந்த இசையைக் கேட்காமல் திரும்பக் கூடாது என்று எனக்கு ஆசை. இந்த மலையின் பழங்குடியினரான கோத்தர்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக வாத்தியம் வாசிக்கிறவர்கள். முன்பு தோடர்களின் சடங்குகளுக்கும் படுகர்களின் சடங்குகளுக்கும் அவர்கள்தான் வாசித்தார்கள். கொல்லு வேலை, தச்சு வேலை, பானை வனைவது எல்லாம் தெரிந்தவர்கள். கொள் என்கிற அவர்களுடைய ஊதுகருவியின் சுரங்கள் கீபோர்டின் கட்டைகளுக்கு நடுநடுவே போய் நிற்கும். கீபோர்டில் மட்டுமே சுரம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்த ஒலி காதைத் திறந்துவிடும். ஆனால் கிராமத்துக்குள் கேட்காமல் போய் நின்று படம் எடுக்காதீர்கள், கோயில் விழாக்களில் வெளியார் போகக் கூடாத இடங்கள் உண்டு. ஊட்டிக்கு அருகே முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மைய அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் கூட்டிப்போங்கள். அக்கா வீட்டுப் பக்கத்தில் படுகர் குடும்பங்கள் இருந்தால், வட்டமாக நின்று ஆடும் அவர்களுடைய ஆட்டத்தின் அடியைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும்படி உரிமையோடு கேட்கலாம், மனமுவந்து சொல்லித்தருவார்கள். உங்கள் மகன் அந்த அடியைத் தகிட, தகதிமி என்று எண்ணிப் பார்க்கட்டும்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, மகளுக்கான கட்டையில் சுருதியோடு அவர் பாடிய வரிசைகளைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். பாட நோட்டில் எதுவரை முடித்தோம் என்று அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். ஊரில் புது ஆசிரியர் அதைப் பார்த்தே தொடங்குவார். ஜூனில் தினம் பதினைந்து நிமிடம் போதும், ஆனால் தினம். மகன் கொன்னக்கோலை ஜூலை வரை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தால் அப்போது மிருதங்கம் வாங்குங்கள். உயர்ந்த சுருதிக்குச் சற்றுச் சிறிய மிருதங்கமும் தாழ்ந்த சுருதிக்குப் பெரியதும் வேண்டும் என்பதால், ஆசிரியரை உடன் அழைத்துப் போய், தங்கை பாடுகிற கட்டைக்குச் சேரும்படியாகப் பார்த்து எடுங்கள். அவள் பாட அவன் வாசிக்கலாம்.