பம்பரம் ஏன் மட்டையாகிறது?

கேள்வி: எட்டு வயதுப் பையனுக்குப் பம்பரம் வாங்கிக் கொடுத்தேன். யார் விட்டாலும் மட்டைதான், சுற்றாமல் பக்கவாட்டில் படுத்துவிடுகிறது. சின்ன வயதில் நான் நன்றாக விட்டவன் சார். பம்பரம் சரியில்லையா, எனக்கு வயதாகிவிட்டதா? (ஒரு வாசகர், திருமங்கலம்)

பதில்: வயதை விடுங்கள், முதலில் சாட்டையை, அதாவது பம்பரத்தில் சுற்றுகிற கயிற்றைப் பாருங்கள். நைலான் கயிறாக இருந்தால் சுற்றும்போதே வழுக்கும். பருத்திக் கயிறு வாங்கி, நுனியைக் கொஞ்சம் ஈரமாக்கி, ஆணியில் தொடங்கி மேல்நோக்கி இடைவெளி இல்லாமல் இறுக்கிச் சுற்றுங்கள். ஏன் ஆணியிலிருந்து என்று பையன் கேட்டால், சுண்டி இழுக்கும்போது பருத்த பக்கத்துச் சுற்று முதலில் பிரிந்து கட்டையைக் கிளப்பிவிடும், கடைசியில் ஆணிப் பக்கத்துச் சின்னச் சுற்று பிரியும்போது அதே இழுப்புக்கு இன்னும் வேகமாகச் சுழலும் என்று சொல்லுங்கள். மறுமுனையில் ஒரு சோடா மூடியைக் கோத்து முடிச்சுப் போட்டு விரலிடுக்கில் மாட்டிக்கொண்டால் கயிறு கையை விட்டுப் போகாது.

அப்புறம் வீச்சு. பலரும் பம்பரத்தை எறிந்ததோடு கையைத் தொங்கவிட்டுவிடுகிறார்கள், மட்டையாவது அங்கேதான். பம்பரம் விரலை விட்ட நொடியில் சாட்டையைப் பின்னால் சுண்ட வேண்டும்.

இவ்வளவும் செய்து உதறிக்கொண்டே சுற்றுகிறதா? ஆணி கோணல். பிடுங்கி நேராக அடித்துவிட்டு, முனையைக் கருங்கல்லில் தேய்த்துக் கொஞ்சம் மழுக்குங்கள். மழுங்கின முனை தரையில் உரசுகிற உரசல்தான் சாய்ந்த பம்பரத்தை மெல்ல நிமிர்த்துகிறது. நிமிர்ந்துவிட்டால் அசைவே தெரியாது, "தூங்குது" என்போமே, அது. குத்தி விளையாட மட்டும் கூர் ஆணி வேண்டும், ஆனால் அது ஈர மண்ணில் புதைந்து நின்றுவிடும். ரெண்டும் ஒரே பம்பரத்தில் கிடைக்காது.

கேள்வி: மலேசியாவிலும் பம்பரம் உண்டாமே? (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: உண்டு, காசிங் என்பார்கள். பெரிய ஆட்கள் ஆடுகிற ஆட்டம், ஐந்து கிலோ எடையுள்ளவைகூட இருக்கின்றன. அங்கே 1989இல் வந்த 5 சென் நாணயத்திலும் பம்பரம்தான்.

கேள்வி: அபீட், ஆக்கர் என்று என் கணவர் ஏதேதோ சொல்கிறார். விளக்குவீர்களா? (ஒரு வாசகி, தேனி)

பதில்: வட்டம் போட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் பம்பரம் விடுவார்கள். சுற்றுகிற பம்பரத்தின் ஆணியைச் சாட்டையால் வளைத்து, மேலே சுண்டிக் கையில் பிடிப்பதுதான் அபீட். கடைசியாக எடுப்பவனும் மட்டை விட்டவனும் தங்கள் பம்பரத்தை வட்டத்துக்குள் வைக்க வேண்டும். மற்றவர்கள் அதைக் குறிபார்த்துக் குத்தி வெளியே தள்ளுவார்கள். அப்படிக் குத்தும்போது ஆணி போடுகிற பள்ளம்தான் ஆக்கர். ஊருக்கு ஊர் விதி மாறும், ஆக்கர் வாங்கினவன் வயிற்றெரிச்சல் மட்டும் எங்கேயும் ஒன்றுதான்.

முழுப்பரீட்சை லீவில் புதிதாக வாங்கின சிவப்புப் பம்பரத்தை வட்டத்தில் வைத்தேன், பக்கத்துத் தெரு அண்ணன் ஒரே குத்தில் ரெண்டாகப் பிளந்தான். அழுதுகொண்டே ஆணியை மட்டும் பிடுங்கி டவுசர் பைக்குள் போட்டுக்கொண்டேன். அடுத்த பம்பரத்துக்கு ஆகுமே!