கட்டுரை எழுத வருகிறது, என் பேச்சுதான் வரவில்லை

வணக்கம் டாக்டர்,

நான் மலேசியாவில் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன், வயது 36, கடலுக்கு அந்தப் பக்கம் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலை. என் அம்மாவும் பினாங்குப் பாலம் கட்டுவதற்கு முன்பே அந்தப் பக்கம் ஃபேக்டரிக்குப் போனவர்தான். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு மைக்ராஸ்கோப் வேலையைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான், அங்கே எனக்குப் பயம் என்பதே கிடையாது.

சின்ன வயதிலிருந்தே எழுத ஆசை. தமிழ்ப்பள்ளியில் கட்டுரைப் போட்டியிலெல்லாம் பரிசு வாங்கியிருக்கிறேன். இந்த வருஷம்தான் துணிந்து ஒரு வலைப்பூ தொடங்கினேன். ஆனால் எழுதியதைத் திரும்பப் படித்தால் எனக்கே பிடிக்கவில்லை, யாரோ மேடையில் பேசுகிற மாதிரி இருக்கிறது. தமிழ்நாட்டில் எழுதுகிறவர்கள் சாதாரண விஷயத்தைக்கூட எவ்வளவு சுவையாகச் சொல்கிறார்கள், எனக்கு மட்டும் ஏன் வரவில்லை?

போன மாதம் ஒரு பதிவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியரான மாமா ஒருவர், ‘ஒற்று எங்கே மிகும் என்றே தெரியவில்லையே, முதலில் இலக்கணம் படிம்மா’ என்று எல்லோர் முன்னாலும் எழுதிவிட்டார். அன்றிலிருந்து போனைத் திறந்தாலே படபடப்பு. எல்லோரும் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்ற நினைப்பு. எழுத உட்கார்ந்தால் கை ஓடுவதில்லை.

போட்ட பதிவையும், போடாமல் வைத்திருக்கும் ஒன்றையும் இணைத்திருக்கிறேன். இரண்டாவதில் கருத்து என்று எதுவும் இல்லை, சும்மா பஸ்ஸில் பார்த்தது. தன்னம்பிக்கை வரும்வரை எழுதாமல் இருப்பதுதான் நல்லதா?

— பட்டர்வொர்த் வாசகி

வணக்கம் சகோதரி,

இரண்டையும் படித்தேன். நிறுத்தாதீர்கள். போடாமல் வைத்திருக்கிறீர்களே, அதைப் போடுங்கள்.

போட்ட பதிவு ‘பெண் என்பவள் பொறுமையின் சிகரம், தியாகத்தின் திருவுருவம்’ என்று தொடங்குகிறது. கடைசிவரை படித்தும் எழுதியவர் யார், எந்த ஊர், என்ன வேலை பார்க்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. மற்றதில், நைட் ஷிஃப்ட் முடிந்து திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டு இந்தோனேசியப் பெண் ஊரிலிருக்கும் மகனை வீடியோ காலில் எழுப்புகிறாள், அவன் கண்ணைத் திறக்காமலே பல் தேய்த்துவிட்டேன் என்கிறான், ‘எங்கே, பல்லைக் காட்டு’ என்கிறாள் அவள். அந்த இடத்தில் நிறுத்தி இன்னொரு முறை படித்தேன். இதில் கருத்து இல்லை என்று எப்படி முடிவு கட்டினீர்கள்?

முதல் பதிவைப் பரிசு கொடுக்கிற ஆசிரியருக்கு எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நம் நாட்டில் தமிழ் எழுதுகிற பலருக்கும் இது உண்டு, ஏனென்றால் தமிழில் நாம் எழுதியதெல்லாம் பெரும்பாலும் தேர்வுக்கும் போட்டிக்கும்தான். பள்ளி முடிந்த பிறகு வேலையில் மலாயும் ஆங்கிலமும், வீட்டில் தமிழ் வெறும் பேச்சாக மட்டும், அப்புறம் பல வருஷம் கழித்துத் தமிழில் எழுத உட்கார்ந்தால் கைக்குத் தெரிந்தது முன்னுரை, கருத்து, முடிவுரை, நடுவில் ஒரு பழமொழி. அது உங்கள் குறையே இல்லை, அந்தப் பயிற்சி அதன் வேலையை அன்றைக்கு நன்றாகவே செய்தது. இப்போது படிக்கிறவர் வேறு, அவர் மதிப்பெண் போட வரவில்லை.

அதனால் எழுதும்போது ஒரே ஓர் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மா இருக்கிறாரே. பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக மண்டலம் தொடங்கியது 1972-இல், பாலம் திறந்தது 1985-இல், அப்படியென்றால் அம்மா தினமும் ஃபெர்ரியில் போய்வந்திருப்பார், அவருக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை, எதையும் அலங்கரிக்கவும் முடியாது. எழுதியதை அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். ‘அப்புறம்?’ என்று அவர் கேட்கிற இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு அங்கேயே இன்னும் எழுதுங்கள், அவர் எழுந்து கோப்பி கலக்கப் போகிற இடத்தைச் சுருக்குங்கள்.

தன்னம்பிக்கை வந்த பிறகு எழுதலாம் என்கிறீர்கள். அது அந்த வரிசையில் வராது. ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் 1977-இல் எழுதிய கட்டுரையில், ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கைக்கு மற்ற எதையும்விட வலுவான ஆதாரம் நாமே செய்து முடித்த அனுபவம்தான் என்கிறார். உங்களுக்கு இது நன்றாகவே தெரியும். மைக்ராஸ்கோப் முன்னால் முதல் வாரம் உட்கார்ந்தபோது தைரியம் இருந்ததா? கண் வலிக்க வலிக்கச் செய்தீர்கள், ரிஜெக்ட் ஆனது, மறுபடி செய்தீர்கள், இன்று நீங்கள் சொல்லிக்கொடுக்கிறீர்கள். எழுத்திலும் அதேதான், சின்னதாக எழுதி, முடித்து, போட்டுவிட வேண்டும்.

குழுவில் எல்லோரும் உங்களைப் பற்றிப் பேசுவதாகத் தோன்றுவது மனித மனத்தின் வழக்கமான கணக்குப் பிசகு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் கிலோவிச்சும் அவர் குழுவும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்குக் கூச்சம் தரும் ஒரு பாடகர் படம் போட்ட டி-சட்டையை மாட்டிவிட்டு, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். கிட்டத்தட்ட பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று சட்டை போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் ஏறக்குறைய கால்வாசிதான். உங்கள் குழுவிலும் பெரும்பாலானவர்கள் அன்றே அடுத்த செய்திக்குப் போயிருப்பார்கள்.

மாமா விஷயம். அவர் சொன்ன ஒற்றுப் பிழைகள் இருக்கின்றன, நானும் பார்த்தேன். ஆனால் எல்லோர் முன்னாலும் சொன்ன விதம் சரியில்லை, உங்களுக்கு வலித்தது நியாயம்தான். பிழையை எழுதி முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், எழுதும்போதே பார்த்தால் வாக்கியம் பாதியில் நின்றுவிடும். முடிந்தால் அடுத்ததைப் போடுவதற்கு முன் ‘மாமா, ஒற்று மட்டும் பார்த்துக் கொடுங்களேன்’ என்று அவருக்கே தனியாக அனுப்பிப் பாருங்கள், திருத்திப் பழகிய மனுஷர், சந்தோஷமாகச் செய்வார் என்றே நினைக்கிறேன். படபடப்பு மட்டும் இன்னும் சில வாரங்களுக்கு விடாமல் இருந்தால், தூக்கமும் கெட்டால், பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் தயங்காமல் சொல்லுங்கள்.

பஸ் பதிவில் கம்பெனி பெயர் ஓரிடத்தில் வருகிறது, அதை எடுத்துவிடுங்கள், உள்ளே நடக்கிற வேலை விவரமும் படமும் வேண்டாம். அப்புறம், அந்தப் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் ‘உன் மகனைப் பற்றி எழுதியிருக்கிறேன், போடட்டுமா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள்.