மணலுக்கு ஒரு வண்டி வேண்டுமா?

சில்லும் சேறும்: வாசகர் வாகனக் கேள்விகள்

கேள்வி: ஐயா, நான் புதுக்குடியிருப்பில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். வயது 34. கனடாவில் இருக்கும் அண்ணா, தன் நண்பருடைய டியூன் பகி என்ற மணல் வண்டியில் மணல் மேடு ஏறி இறங்கும் வீடியோ ஒன்றை அனுப்பினார். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. பாதிக் காசு தருகிறேன் என்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பெடியளோடு முல்லைத்தீவுக் கடற்கரையில் ஓடலாம் என்பது என் எண்ணம். மனைவி ஒரேயடியாக வேண்டாம் என்கிறார். எந்தக் கொம்பனி நல்லது? இங்கே இறக்க எவ்வளவு முடியும்? வாங்கலாமா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பதில்: தம்பி, கொம்பனி, விலை எல்லாம் கேட்டிருக்கிறீர்கள். எங்கே ஓடுவது என்பதை மட்டும் ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். நான் அங்கேதான் வரப்போகிறேன்.

அதற்கு முன் ஒன்று. எனக்கும் இந்தப் பைத்தியம் இருந்தது. பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காத காலத்தில் பரந்தனில் என் கராஜில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவன் நான். அப்படிப்பட்டவனுக்கு இந்த வண்டியின் கதை பிடிக்காமல் போகுமா? 1964இல் கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் என்றவர் வொக்ஸ்வாகன் பீற்றில் காரின் உறுப்புகளை எடுத்து, பைபர்கிளாஸில் தொட்டி மாதிரி ஒரு உடம்பு வார்த்து அதில் பூட்டினார். பிறகு வந்தவற்றில் பீற்றிலின் அடித்தட்டையே சுமார் 14 அங்குலம் வெட்டிக் குறுக்கினார்கள். எங்கள் கரையில் கவிழ்த்து வைத்திருக்கிற மீன்பிடிப் போட்டுகளும் அதே பைபர்தான். எஞ்சின் பின்னுக்கு, இழுக்கிற சில்லும் பின்னுக்கு. எஞ்சின் பாரம் இழுக்கிற சில்லின் மேல் குந்தியிருப்பதால் நாலு சில்லும் இழுக்காமலே மணலில் ஏறும். காற்றில் குளிரும் எஞ்சின் என்பதால் ரேடியேற்றரும் இல்லை, தண்ணீரும் இல்லை. 1967இல் மெக்சிக்கோவின் பாஹா தீபகற்பத்தில் நடந்த நெடுந்தூர ஓட்டத்தில் அந்த வண்டிதான் முதலாவதாக வந்தது. பழைய காரை வெட்டிப் புதுசு செய்கிற வேலை எங்களுக்கும் கைவந்த வேலைதானே.

இப்போது உங்கள் அண்ணா காட்டியது பெரும்பாலும் வேறு சாதி. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற, இரும்புக் கூடு போட்ட, கொம்பனியில் செய்த வண்டி. பலதில் கியர் மாற்றும் வேலையை ஒரு ரப்பர் பெல்ட் பார்க்கிறது. ஆழ மணலில் காலை அழுத்திப் பிடித்தால் அந்தப் பெல்ட் சூடேறிக் கருகும். புதுப் பெல்ட் ஒன்று வாங்க கிளிநொச்சியில் எந்தக் கடைக்குப் போவீர்கள்?

சரி, இனி இடம். 2013இல் ஒரு பழைய ஜீப்பைத் திருத்திக் கொடுப்பதற்காக எடுத்தேன். முன் சில்லுக்குப் போகிற இணைப்பு வேலை செய்யவில்லை, அது தெரிந்தும் "ஒரு சுற்றுத்தானே" என்று மைத்துனரையும் ஏற்றிக்கொண்டு நாயாற்றுப் பக்கம் கடற்கரையில் இறக்கினேன். ஐம்பது யார் போயிருப்போம். அச்சு வரை புதைந்தது. காலை அழுத்த அழுத்தக் கிணறு வெட்டின மாதிரிக் கீழே போனது. பின்னேரக் காற்றில் அலை ஏறி வந்து பின் சில்லை நக்கத் தொடங்கியது. கடைசியில் கரைவலை இழுக்கிற ஆட்கள் தங்கள் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து இழுத்துவிட்டார்கள். காசு நீட்டினேன், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி வாங்கவில்லை. "எங்கட மெசினுக்குக் கிளச் பிடிக்குது, வந்து பாரும்" என்றார். இரண்டு ஞாயிறு அதுக்குக் கீழே படுத்துக் கிடந்தேன். ஒரு மாதத்தில் ஜீப்பின் பெயாரிங் நாலும் உப்பில் இறுகிச் சத்தம் போட்டது, அந்தச் செலவும் என் தலையில்.

அப்படிப் படுத்துக் கிடந்த நாட்களில்தான் எங்கள் கடற்கரை எவ்வளவு நெருக்கடியானது என்று பார்த்தேன். விடியப்புறம் வலை வளைக்கிறார்கள், பிறகு நூற்றுக்கணக்கான யார் கயிறு மணலில் கிடக்கிறது, அதற்குப் பின்னால் வாடி, கருவாடு காய்கிறது, பிள்ளைகள் ஓடித் திரிகிறார்கள். அந்தக் கயிற்றின் மேல் ஒரு பகி ஏறினால் என்ன பேச்சு விழும் என்று நான் எழுத வேண்டியதில்லை. மேட்டில் படர்ந்திருக்கிற அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும்தான் அந்த மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்கிறோம், ஆனால் அகல ரயரின் கீழே அந்த மிடுக்கு நிற்காது. ஐந்து இனக் கடலாமைகள் இலங்கைக் கரைகளில் முட்டையிடுகின்றன. ரயர் விட்ட பள்ளத்தில் விழுந்த குஞ்சு கடலுக்குப் போய்ச் சேராது.

சட்டமும் சும்மா இல்லை. உயர் நீர் மட்டத்தில் இருந்து 300 மீற்றர் உள்ளே வரை கரையோர வலயம். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் அங்கே பேசும். வடக்கே சுண்டிக்குளம் பக்கம் போகலாம் என்று யோசிக்காதீர்கள், அது 2015 முதல் தேசியப் பூங்கா.

கரையை விட்டு உள்ளே காடு, தரவை என்று போகலாமே என்பீர்கள். தம்பி, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? 2009க்குப் பிறகு எத்தனையோ ஏக்கரில் மிதிவெடி எடுத்துவிட்டார்கள், இன்னும் எடுத்துக்கொண்டும் இருக்கிறார்கள். மண்டையோட்டுப் பலகை நிற்கிற காணி இன்னும் இருக்கிறது. வெள்ளம் வந்தால் மண்ணோடு சேர்ந்து அந்தச் சனியனும் நகரும். இந்த வண்டியின் சந்தோஷமே பாதையை விட்டு விலகுவதில்தான் இருக்கிறது. வன்னியில் நாங்கள் பிள்ளைகளுக்கு இத்தனை வருடமும் சொல்லி வளர்த்தது, பாதையை விட்டு விலகாதே என்று.

காசுக் கதைக்கு வருவோம். வாகன இறக்குமதியை 2020இல் நிறுத்தி, தனியாருக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். அண்ணா சொல்கிற கனடா விலையை மறந்துவிடுங்கள். கப்பல் கூலி, சுங்கத் தீர்வை, உற்பத்தி வரி எல்லாம் ஏறின பிறகு அந்த மொத்தத்தின் மேல் 18 வீதம் வற் வரி விழும். அமெரிக்காவில் ஓடுகிற பகிகளுக்குப் பொதுவாக ஸ்டியரிங் இடது பக்கம். இலக்கத் தகடு கிடைக்காவிட்டால் வீட்டில் இருந்து கடற்கரைக்கு ஓடிப் போகவும் முடியாது, பட்டா லொறியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். இன்னொன்று, 2022ஐ மறந்துவிட்டீர்களா? மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று, வண்டி இலக்கத்துக்குக் கிடைத்த கியூஆர் காட்டி நின்றோமே. அப்படி ஒரு காலம் திரும்பி வந்தால் இலக்கம் இல்லாத வண்டி வளவில் கோழி அடைக்கத்தான் உதவும்.

ஞாயிற்றுக்கிழமைகளையும் எண்ணிப் பாருங்கள். 52. ஐப்பசியில் இருந்து மார்கழி வரை மழை, கதவும் கண்ணாடியும் இல்லாத வண்டியில் சேறு நேரே வாய்க்குள் வரும். மாசி பங்குனியில் அறுவடை, உங்கள் கடையில் சனம் குறையாது. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல். கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீடு, அந்திரட்டி. மிஞ்சுகிற பத்துப் பன்னிரண்டு நாளிலும் ஓடி முடிந்ததும் நல்ல தண்ணீரால் அடிப்பக்கம் முழுக்கக் கழுவ வேண்டும். கடலோரக் கிணறுகள் பலதும் உவர். உப்பை உப்பால் கழுவ முடியாது. காற்று வடியைக் கழற்றி மணலைத் தட்ட வேண்டும். இதையெல்லாம் யார் செய்வது? அண்ணாவா?

இதைச் சொன்னால் கோபிக்கக் கூடாது. உங்கள் கடிதத்தில் வண்டியை விட அண்ணாதான் எனக்குக் கூடத் தெரிகிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூன்று கிழமை வந்து நிற்பவரோடு சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை இருக்கிறதே, அது நல்ல ஆசை. அதற்கு இத்தனை இலட்சம் வேண்டாம். தெற்கே சில சுற்றுலா இடங்களில் நாலு சில்லு மோட்டார் சைக்கிளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். அவர் வரும்போது இரண்டு பேரும் போய் ஒரு நாள் ஆசை தீர ஓடுங்கள். தலைக்கவசம் போடுங்கள், குழந்தையை மடியில் வைக்காதீர்கள், வண்டி சரிந்தால் கையை வெளியே நீட்டித் தடுக்கப் பார்க்காதீர்கள். கை முறிகிறதே அப்படித்தான்.

வாங்க வேண்டாம். உங்கள் மனைவி நான் இரண்டு பக்கத்தில் எழுதியதை ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கிறார்.

கேள்வி: பேசாலையில் இருக்கிறேன். கடற்கரை மணலில் என் மோட்டார் சைக்கிள் புதைகிறது. ரயர் காற்றைக் குறைத்தால் ஓடுமா?

பதில்: ஓடும். காற்றுக் குறைந்தால் ரயர் மணலில் படுகிற இடம் நீளும், அமிழ்வது குறையும். ஆனால் உங்களுடையது ரியூப் ரயர் என்றால் 15 இறாத்தலுக்குக் கீழே போகாதீர்கள். ரயர் ரிங்கில் வழுக்கி, ரியூப்பின் வால்வை அடியோடு பிய்த்துவிடும். திரும்பிக் கல் றோட்டுக்கு ஏறியதும் காற்று அடியுங்கள், சைக்கிள் பம்ப் ஒன்று கொண்டுபோனால் போதும்.

கேள்வி: லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) எஞ்சினில் ஒரு பகி செய்ய முடியுமா? என்னிடம் பழைய எஞ்சின் ஒன்று சும்மா கிடக்கிறது. (முழங்காவில்)

பதில்: முடியும். ஒற்றைச் சிலிண்டர் டீசல், பாரம் கூட, ஓட்டம் குறைவு. பக்கத்தில் நடந்து வருகிறவரோடு கதைத்துக்கொண்டே ஓடலாம். உங்கள் சொந்த வளவுக்குள் மட்டும் ஓடுங்கள், இருக்கைக்கு மேலே ஒன்றரை அங்குலக் குழாயில் கூடு அடியுங்கள். முடிந்ததும் எனக்குப் படம் அனுப்புங்கள்.