பெரிய முழு எண் ஒண்ணுக்குன்னு தனியா ஏதாவது கணித குணம் இருக்குமா? உங்களுக்குப் பிடிச்ச எண் எது?

3608528850368400786036725.

இதுதான் நம்மாளு. 25 இலக்கம். மனப்பாடம்லாம் இல்லங்க, எப்பவும் காப்பி பேஸ்ட்தான்.

இடது பக்கத்துலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா எடுத்துப் பாருங்க. முதல் ரெண்டு இலக்கம் 36, அது 2 ஆல வகுபடும். முதல் மூணு 360, 3 ஆல வகுபடும். 3608 நாலால, 36085 அஞ்சால, 360852 ஆறால (ஈவு 60142), 3608528 ஏழால (515504), இப்படியே போய்ட்டே இருந்து கடைசில முழு எண்ணும் 25 ஆல வகுபடும். நடுவுல ஒரு இடத்துல கூட மீதி வராது, 11, 13, 17, 19 மாதிரி வம்பு புடிச்ச எண்கள்கிட்ட கூட தப்பிச்சு வந்துடுது பாருங்க, அதுதான் ஆச்சரியம்.

இந்த மாதிரி எண்கள் மொத்தமே 20456 தான், அதுல பெருசு இது. 25 இலக்கத்துல இது ஒண்ணே ஒண்ணு, 26ல ஒண்ணு கூட கிடையாது.

ஏன் நின்னு போகுதுன்னா, வால்ல அடுத்த இலக்கம் சேர்க்க நமக்கு இருக்கறது 0 லேர்ந்து 9 வரை பத்தே சாய்ஸ். 3 ஆல வகுபடணும்னா பத்துல மூணோ நாலோ தேறிடும், அதனால ஆரம்பத்துல குடும்பம் பெருகிட்டே போகும். 9 இலக்கத்துல 2492, 10லயும் அதே 2492 (பின்னாடி ஒரு 0 போடறத தவிர வேற வழியே இல்லையே). 11லேர்ந்து சரிவு, பத்து இலக்கத்தையும் போட்டுப் பாத்தாலும் சிலதுக்கு எதுவுமே செட் ஆகாது. 20 கிட்ட வந்தா சுமார் பாதி அவுட். 20 இலக்கத்துல 44, 24ல 3, அப்புறம் இந்த ஒத்த ஆளு.

இதோட வால்ல 0 போட்டு 26 ஆல வகுத்தா மீதி 12 வரும். அப்போ இன்னும் 14 வேணும், ஒரு இலக்கத்துல 14க்கு எங்க போறது? 1 போட்டா 13 ஆல வகுபடும், ஆனா ஒத்தைப்படை ஆயிடுமே, 26 சேர்த்துக்காது. அவ்ளோதான், கதை முடிஞ்சுது.

இது பத்தடிமான முறையில (0 லேர்ந்து 9 வரை பத்து இலக்கம் வச்சு) எழுதறதால வர்ற குணம், பைனரில (0, 1 மட்டும் வச்சு) எழுதினா இதெல்லாம் இருக்காது, அதனால இதுல ஆழமான கணிதம் ஒண்ணும் இல்லன்னு சிலர் சொல்வாங்க. சரிதான், இருந்துட்டு போகட்டும், எனக்கு பிடிச்சிருக்கு. பைத்தான்ங்கற கம்ப்யூட்டர் மொழி தெரிஞ்சா பத்து வரில எல்லாத்தையும் கண்டுபிடிச்சிடலாம், கண்ண மூடி திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்.

வீட்ல பசங்க இருந்தா 381654729 குடுங்க. இதே குணம்தான், ஆனா 1 லேர்ந்து 9 வரை எல்லா இலக்கமும் ஒரே ஒரு தடவை வரும், அப்படி இருக்கறது இது மட்டும்தான். விடைய சொல்லாம கேளுங்க, அஞ்சாவது இடத்துல 5, ரெட்டைப்படை இடத்துல எல்லாம் ரெட்டைப்படை இலக்கம், இந்த ரெண்டு க்ளூ போதும், மீதிய அவங்களே பேப்பர்ல போட்டு புடிச்சிடுவாங்க.