அலர்ட் வருகிறது, ரெக்கார்டிங் இல்லை

சிசிடிவி கேமரா அசைவைக் கண்டு மொபைலுக்கு அலர்ட் வந்தும், டிவிஆரில் (வீடியோவைப் பதியும் ரெக்கார்டர் பெட்டி) அந்த நேரத்துப் பதிவு இல்லை என்றால், மோஷன் டிடெக்‌ஷனை விட்டுவிட்டு ரெக்கார்டிங் ஷெட்யூலை (எந்த நாள், எந்த நேரம் எதைப் பதிய வேண்டும் என்ற அட்டவணை) பாருங்கள். இரண்டும் தனித்தனி. ஸ்டோரேஜ் மெனுவில் அந்தக் கேமராவின் ஏழு நாள் கட்டங்களும் 'மோஷன்' என்று நிரம்பியிருக்க வேண்டும். முதல் நாளை மாற்றிவிட்டு மற்ற நாள்களுக்கு காப்பி செய்ய மறப்பதுதான் வழக்கமாக நடப்பது. அப்புறம் அப்ளை கொடுங்கள், அதையும் மறப்போம்!

ஷெட்யூல் சரியென்றால், கேமராவும் ரெக்கார்டரும் வேறு வேறு கம்பெனியா? ஆன்விஃப் (வெவ்வேறு கம்பெனி கருவிகள் பேசிக்கொள்ள உதவும் பொதுத் தரம்) வழி இணைத்தால் படம் வரும், ஆனால் மோஷன் சிக்னல் சில சமயம் ரெக்கார்டருக்குப் போய்ச் சேராது. அலர்ட்டைக் கேமராவே நேராக அனுப்பியிருக்கும்.

சோதிக்க: கேமரா முன் ஒருமுறை நடந்துவிட்டு, இரண்டு நிமிடம் கழித்து பிளேபேக்கில் ஈவன்ட் தேடல் போடுங்கள். ரெக்கார்டரின் கடிகாரம் தப்பாக இருந்தாலும் பதிவு வேறு நேரத்தில் ஒளிந்திருக்கும்.

ப்ரீ-ரெக்கார்டை (அசைவுக்கு முந்தைய விநாடிகளையும் கிளிப்பில் சேர்ப்பது) 5 விநாடியாவது வையுங்கள், இல்லாவிட்டால் ஆள் பாதி வாசல் தாண்டிய பிறகுதான் கிளிப் தொடங்கும். சென்சிடிவிட்டியை ரொம்ப ஏற்றாதீர்கள். இரவில் இன்ஃப்ராரெட் வெளிச்சத்தில் லென்ஸ் முன் ஆடும் சிலந்தி வலையே ஹார்ட் டிஸ்க்கை நிரப்பிவிடும்.