பேட்டரி குடித்ததுபோக மிஞ்சிய தண்ணீர்

அன்புள்ள ஐயா,

இரண்டாம் உலகப்போரின்போது நேதாஜி ஜெர்மனியிலிருந்து கிழக்கே வந்த நீர்மூழ்கிப் பயணம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். சிறுவயதிலிருந்தே என்னைப் புல்லரிக்க வைக்கும் நிகழ்வு அது. ஆனால் நடுவில் ஒரு வரியில், அந்தக் காலத்து நீர்மூழ்கிகளில் கரப்பானும் மூட்டைப்பூச்சியும் மொய்த்தன என்று எழுதியிருக்கிறீர்கள். நாலாபக்கமும் இரும்பால் அடைத்து, கடலுக்கடியில் போகிற ஒன்றுக்குள் பூச்சி எப்படி வரும்? இது உண்மைதானா? உண்மையே என்றாலும், உயிரைப் பணயம் வைத்துப் போனவர்களைப் பற்றிச் சொல்லும்போது அழுக்கையும் நாற்றத்தையும் கிளற வேண்டுமா? அது அவர்களைச் சிறுமைப்படுத்துவது ஆகாதா?

ர., தூத்துக்குடி

அன்புள்ள ர.,

உண்மைதான். ஜெர்மானியர், பிரிட்டிஷார், அமெரிக்கர், ஜப்பானியர் என்று எந்த நாட்டு நீர்மூழ்கியில் இருந்தவரின் நினைவுக்குறிப்பை எடுத்தாலும் வியர்வையும் டீசல் நாற்றமும் பூச்சியும் அதில் வந்துவிடும். அனுபவித்தவர்களே மறைக்காமல் எழுதி வைத்ததை நான் ஏன் மறைக்க வேண்டும்? உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதுதான். ஆனால் முதல் கேள்வியின் வழியாகப் போனால் அது இன்னும் தெளிவாகும்.

அடைத்த கலம் என்று சொல்கிறீர்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்து நீர்மூழ்கி பெரும்பாலான நேரம் கடலின் மேலேயே ஓடியது. டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும். எதிரியைக் கண்டால், தாக்கப் போனால், பகலில் ஒளிந்துகொள்ள நேர்ந்தால் மட்டும் மூழ்கி, பேட்டரியில் ஓடும். அதைவிட முக்கியம், அது துறைமுகத்தில் கிடக்கும் நாட்கள். மூடிகள் எல்லாம் திறந்து கிடக்க, வாரக்கணக்கில் தேவைப்படும் உணவு மூட்டை மூட்டையாக உள்ளே இறங்கும். கரப்பான் அந்தச் சாக்கிலும் அட்டைப்பெட்டி மடிப்பிலும் உட்கார்ந்து வந்துவிடும். நம் வீட்டுச் சமையலறையில் ஓடுகிற அந்தச் சிறிய பழுப்புக் கரப்பான் ஒன்று போதும். பெண் பூச்சி முப்பது நாற்பது முட்டைகள் அடங்கிய பையை, பொரியும் தறுவாய் வரை தன் உடம்போடு சுமந்து திரியும். உள்ளே வெதுவெதுப்பு, சுவரெல்லாம் ஈரம், எங்கு திரும்பினாலும் உணவு. பல படகுகளில் உட்சுவரில் நீர் கோக்காமலிருக்கத் தக்கை ஒட்டியிருந்தார்கள். அதன் பின்னாலுள்ள இடுக்கில் மனிதக் கை நுழையாது.

ஜெர்மனியின் ஏழாம் வகை நீர்மூழ்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அட்லாண்டிக் போரை நடத்தியது பெரும்பாலும் இந்த வகைதான். நீளம் 67 மீட்டர். ஆட்கள் இருக்கும் உட்குழாயின் அகலம், அதிகபட்ச இடத்திலேயே ஐந்து மீட்டருக்குக் குறைவு. அதற்குள் டீசல் எஞ்சின்கள், மின் மோட்டார்கள், பேட்டரிகள், நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தகர்க்கும் டார்பிடோக்கள், இவற்றுக்கு நடுவே 44 முதல் 52 பேர். தொத்திறைச்சியும் பன்றித்தொடையும் தலைக்கு மேலே குழாய்களில் தொங்கும். கழிவறை இரண்டு. கிளம்பும்போது அதில் ஒன்றும் உணவுக் கிடங்காகிவிடும். அங்கே வைத்த உணவைத் தின்று தீர்க்கும்வரை ஐம்பது பேருக்கு ஒரே கழிவறை. சில நாட்களில் ரொட்டியின் மேல் வெள்ளையாகப் பூசணம் பூத்துவிடும். மாலுமிகள் அதை முயல் என்பார்களாம். மேலே பூத்ததைப் பிய்த்தெறிந்துவிட்டு உள்ளே மிஞ்சியதைத் தின்றார்கள்.

மூட்டைப்பூச்சிக்கு வேறு வசதி. ஆளுக்கொரு படுக்கை கிடையாது. காவல் முடிந்து ஒருவன் வருவான். அடுத்த காவலுக்குப் போகிறவன் எழுந்த அதே மெத்தையில், அவன் உடம்புச் சூடு ஆறுமுன் படுப்பான். அந்த மெத்தையில் இருக்கும் பூச்சிக்கு இரவு பகல் எந்நேரமும் இரத்தம் உண்டு. ஒருவனுக்கு வந்தால் எல்லோருக்கும் வந்தது. துறைமுக விடுதிகளிலிருந்து பேனும் இப்படித்தான் ஏறிப் பரவியது.

குளித்துத் துவைத்தால் பாதித் தொல்லை போயிருக்குமே என்று தோன்றும். இந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன்.

நீர்மூழ்கியின் பேட்டரி நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியின் பெரிய அண்ணன்தான்: ஈயத் தகடும் அமிலமும். மின்னேற்றும்போது அதிலுள்ள நீர் குறையும். காய்ச்சி வடித்த தூய நீரால் அதை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். போர்க்கால அமெரிக்க நீர்மூழ்கி ஒன்றில் 252 செல்கள் இருந்தன. ஒவ்வொன்றும் நெஞ்சுயரம், முக்கால் டன் எடை. கடல்நீரைக் காய்ச்சி நன்னீராக்கும் கருவி அந்தப் படகுகளில் இருந்தது. அதிலிருந்து வந்த நீர் முதலில் பேட்டரிக்கு. பிறகு சமையலுக்கு, குடிப்பதற்கு. மிஞ்சினால் மாலுமியின் உடம்புக்கு. ஜெர்மானியப் படகுகளில் மிஞ்சுவது என்பதே அநேகமாக இல்லை. கடல்நீரில் நுரைக்கும் சோப்பைக் கொடுத்தார்கள். தேய்த்தால் உடம்பில் உப்பு பிசுபிசுத்து நிற்கும் என்பதால் பலர் அதைத் தொடுவதையே விட்டுவிட்டார்கள். வாசனைத் தண்ணீரைப் பூசிக்கொண்டு, தாடி வளர்த்து, போட்ட உடுப்போடு ஆறேழு வாரம் கழித்தார்கள். கரை சேர்ந்த அன்று அவர்களுக்கு முதலில் வேண்டியிருந்தது வெந்நீர்.

இந்த வரிசையைப் பாருங்கள். டார்பிடோவுக்கு ஒதுக்கியதுபோக மிஞ்சிய இடத்தில் படுக்கை. பேட்டரி குடித்ததுபோக மிஞ்சிய தண்ணீரில் குளியல். குளிர்சாதனம் வந்த கதையும் இதேதான். 1930களின் நடுவில் அமெரிக்கர்கள் தங்கள் நீர்மூழ்கிகளில் அதைப் பொருத்தத் தொடங்கினார்கள். மின்கம்பிகளிலும் சுவிட்சுகளிலும் ஈரம் படிந்து கோளாறாவதைத் தடுக்கிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட வலுவான நியாயம். அதனால் மனிதனுக்கும் மூச்சு விட முடிந்தது. அந்தக் குளிர்சாதனத்திலிருந்து சொட்டிய நீரைப் பிடித்து வைத்துத் துணி துவைத்தார்கள்.

அது வருவதற்கு முந்தைய காலத்துப் படகுகளையும் அமெரிக்கா போருக்கு அனுப்பியது. எஸ் வகை என்று பெயர். முதல் உலகப்போர்க் காலத்து வடிவமைப்பு. பன்றிப் படகு என்று மாலுமிகள் அழைத்தார்கள். கரப்பானுக்குப் பேர்போனவை. வெப்பமண்டலக் கடலில் பகல் முழுக்க மூழ்கிக் கிடந்தால் உள்ளே நாற்பது டிகிரிக்கு மேல் போகும். மாலைக்குள் தீக்குச்சி பற்றாத அளவுக்குக் காற்று கெட்டுவிடும்; தலை பிளக்கும். கரப்பானுக்கு அந்தக் காற்றே போதும். எஸ்-44 என்ற படகு, 1942 ஆகஸ்ட் 10 அன்று நியூ அயர்லாந்து தீவின் காவியெங் அருகே ‘காகோ’ என்ற ஜப்பானியப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. பெரிய வெற்றி. அதைச் செய்தவர்கள் வேர்க்குருவும் கட்டியும் சேற்றுப்புண்ணும் வாட்டுகிற அந்த வகைப் படகில் வாரக்கணக்கில் இருந்தவர்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் குரில் தீவுகளுக்கு அருகே அதே எஸ்-44 மூழ்கடிக்கப்பட்டபோது பிழைத்தவர்கள் இரண்டே பேர். இதில் வெற்றியை மட்டும் எழுதி, வேர்க்குருவை விட்டுவிடச் சொல்கிறீர்களா?

கழிவறை பற்றி இன்னொன்று. ஜெர்மானியப் படகுகளில் சுமார் 25 மீட்டருக்குக் கீழே போனால் அதைப் பயன்படுத்த முடியாது. வெளியே கடலின் அழுத்தம் அதிகம். எதிரி மேலே காத்திருந்தால் மணிக்கணக்கில் வாளிதான். ஆழத்திலும் இயங்கும் புதிய கழிவறை ஒன்றைப் போரின் கடைசியில் கொண்டுவந்தார்கள். வால்வுகளைத் திறந்து மூடும் வரிசை சிக்கலானது என்பதால் அதற்கென்றே ஓர் ஆளைப் பயிற்றுவிக்க வேண்டியிருந்தது. 1945 ஏப்ரல் 14 அன்று ஸ்காட்லாந்துக் கரைக்கு அப்பால், யு-1206 என்ற படகில் அந்தக் கழிவறை வழியாகக் கடல்நீர் பீறிட்டு உள்ளே வந்தது. கீழே பேட்டரி. உப்புநீரும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு. மேலே வருவதைத் தவிர வழியில்லை. வந்ததும் விமானங்கள் பார்த்துவிட்டன. படகைக் கைவிட வேண்டியதாயிற்று, சிலர் இறந்தார்கள். இதைச் சிரிப்புக் கதையாகச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1944 வாக்கில் ஜெர்மானியர்கள் மூழ்கியபடியே டீசல் எஞ்சினை ஓட்டக் காற்றுக்குழாய் பொருத்தினார்கள். அதன்பின் வாரக்கணக்கில் மேலே வராமல் இருக்க முடிந்தது. ஆனால் குப்பையை எங்கே கொட்டுவது? காலியான டார்பிடோக் குழாயில் திணித்து, அழுத்தக் காற்றால் கடலுக்குள் ‘சுட்டார்கள்’. அதுவரை உருளைக்கிழங்குத் தோலும் காலி டின்களும் அழுகிய மிச்சமும் அவர்களோடுதான் இருந்தன.

எலி ஜப்பானியப் படகுகளில் அதிகம் பேசப்படுகிறது. ஆனால் எலி இனத்தைப் படகில் விரும்பி ஏற்றிய காலமும் ஒன்று உண்டு. 1900களின் தொடக்கத்தில் பிரிட்டனின் முதல் நீர்மூழ்கிகள் பெட்ரோலில் ஓடின. நச்சுப்புகை பரவினால் மனிதனுக்கு முன்னால் துவண்டுவிழும் என்பதற்காகக் கூண்டில் வெள்ளைச் சுண்டெலிகளை வைத்திருந்தார்கள். 1905 பிப்ரவரியில் ஏ-5 என்ற படகில் பெட்ரோல் ஆவி வெடித்து ஆறு பேர் இறந்தார்கள். சுண்டெலி எதற்குத் தேவைப்பட்டது என்பது அதிலிருந்தே புரியும்.

நமக்குப் பக்கத்திலேயே இதெல்லாம் நடந்தது. திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து பிரிட்டிஷ் நீர்மூழ்கிகள் மலாக்கா நீரிணைக்கும் பினாங்குக்கும் போய்வந்தன. பினாங்கில் ஜெர்மானிய, ஜப்பானிய நீர்மூழ்கிகள் தங்கியிருந்தன. 1944 ஜனவரியில் ‘டாலி ஹோ’ என்ற பிரிட்டிஷ் படகு பினாங்குக்கு அருகே ‘குமா’ என்ற ஜப்பானியக் கப்பலை மூழ்கடித்தது. ஐரோப்பாவில் கட்டிய படகுகள் நம் கடலின் வெக்கையில் கிடந்தன. இரண்டு தரப்பு மாலுமிகளும் ஒரே புழுக்கத்தில், ஒரே பூச்சிகளோடு ஒருவரையொருவர் தேடினார்கள்.

நேதாஜிக்கு வருகிறேன். 1943 பிப்ரவரியில் அவரும் அவருடைய உதவியாளர் ஆபித் ஹசனும் ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில் ஏறிய யு-180, வேகம் வேண்டும் என்பதற்காக விரைவுப் படகுகளின் எஞ்சின்களைப் பொருத்திய படகு. ஆறு எஞ்சின்கள். கடும் புகை, கடும் சூடு. பிற்பாடு கடற்படையே அவற்றைக் கழற்றிவிட்டது. ரொட்டியிலும் போர்வையிலும் டீசல் ஊறியிருந்ததை ஆபித் ஹசன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். நேதாஜியால் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட முடியவில்லை. எங்கோ ஒரு மூலையில் அரிசியும் பருப்பும் இருப்பதை ஹசன் கண்டுபிடித்து, அவருக்குக் கிச்சடி பண்ணிக் கொடுத்தார். அவர் அதையும் ஜெர்மானிய அதிகாரிகளோடு பகிர்ந்துகொண்டார். அந்தப் புகையில், நிமிர்ந்து நடக்க இடமில்லாத அந்தக் குழாயில், நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்தார். ஏப்ரல் கடைசியில் மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே, கொந்தளிக்கும் கடலில் ரப்பர் மிதவையில் தொற்றிக்கொண்டு ஐ-29 என்ற ஜப்பானியப் படகுக்கு மாறினார்கள். விருந்தாளி இந்தியர் என்று பினாங்கிலேயே மசாலா வாங்கி வைத்திருந்தார்கள் அந்தப் படகுக்காரர்கள். இரண்டரை மாதம் கழித்துக் காரமான சாப்பாடு.

அந்த டீசல் ரொட்டியை எடுத்துவிட்டால் கிச்சடியின் அருமை தெரியாது. பினாங்கு மசாலாவும் வெறும் தகவலாகிவிடும். நேதாஜியை நான் நெருக்கமாக உணர்ந்தது அவருடைய எந்தச் சொற்பொழிவிலும் அல்ல, இங்கேதான்.

ஜெர்மானிய நீர்மூழ்கிகளில் போன சுமார் 40,000 பேரில் ஏறக்குறைய 30,000 பேர் திரும்பவில்லை. அவர்கள் போரிட்ட அரசு கொடியது. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனாலும் இருபது வயதுப் பையன்களுடைய கடைசி வாரங்கள் எப்படிக் கழிந்தன என்று தெரிந்துகொள்ளாமல் அந்த எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

தூத்துக்குடியிலிருந்து தூரம்தான், ஆனால் ஒருமுறை விசாகப்பட்டினம் போய்வாருங்கள். அங்கே கடற்கரையில் குர்சுரா நீர்மூழ்கியை 2002 முதல் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். 1969இல் நம் கடற்படையில் சேர்ந்த சோவியத் படகு. நான் சொன்ன போருக்குப் பிந்தியது, ஏழாம் வகைப் படகைவிடப் பெரியது. ஆனாலும் வட்டக் கதவுகளில் குனிந்து நுழைந்து, டார்பிடோ அறையின் படுக்கைத் தட்டுகளைப் பார்த்தால் நான் எழுதியதெல்லாம் உடம்புக்குத் தெரியும். வழிகாட்டிகளில் ஓய்வுபெற்ற கடற்படையினர் உண்டு. டார்பிடோவைப் பற்றி எல்லோரும் அவர்களிடம் கேட்பார்கள். நீங்கள் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள்.

அன்புடன்.