பிக்கப் மாற்றப் போகிறீர்களா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்தியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் பிக்கப்புகள் இரண்டு உள்ளன; இரண்டும் ஹம்பக்கர் எனும் இரட்டைச் சுருள் வகை. டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) வைத்து வாசிக்கும்போது பிரிட்ஜ் பிக்கப்பில் (தந்திகள் முடியும் பாலத்தின் அருகே உள்ளது) கார்டுகளின் சுரங்கள் தனித்தனியே கேட்காமல் மந்தமாகக் குழம்புகின்றன. மாற்றிவிடலாம் என்று தேடினால், ஒன்றுக்கு 8 கிலோ ஓம் என்றும் இன்னொன்றுக்கு 16 கிலோ ஓம் என்றும் போட்டிருக்கிறார்கள். எண் பெரிதாக இருப்பதை வாங்குவதுதானே நல்லது?

பதில்: உங்கள் குறையை வைத்துப் பார்த்தால், பெரிய எண் நிலைமையை இன்னும் மோசமாக்கவே வாய்ப்பு அதிகம். அந்த எண் சுருளில் உள்ள செம்புக் கம்பியின் மின்தடையை மட்டுமே குறிக்கிறது. சுற்றுகள் கூடினால் மின்தடை கூடும். சுற்றுகள் கூடாமல் கம்பி மெலிந்தாலும் கூடும். பழைய பாணி ஹம்பக்கர்கள் 42 கேஜ் கம்பியில் சுற்றப்படுபவை. அதிக வெளியீட்டுக்காகச் செய்யப்படுபவற்றில் 43, 44 கேஜ் என மெல்லிய கம்பியும் பயன்படுகிறது. ஆகவே கம்பியும் காந்தமும் ஒரே வகையாக இருந்தாலொழிய, இரு பிக்கப்புகளின் மின்தடையை ஒப்பிட்டு எது வலியது என்று முடிவு கட்ட முடியாது.

தயாரிப்பாளர் மின்தூண்டல் அளவை ஹென்றியில் கொடுத்திருந்தால் அதைப் பாருங்கள். அதுதான் ஒலியைப் பற்றி அதிகம் சொல்லும். சுற்றுகள் கூடக் கூட மின்தூண்டல் ஏறுகிறது. அது ஏறும்போது பிக்கப்பின் ஒத்ததிர்வு உச்சம், அதாவது அது மிக வலுவாக ஒலிக்கும் இடம், தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு இறங்குகிறது. அதனால் உச்ச ஒலிகள் (ட்ரெபிள்) தேய்ந்து, நடு ஒலிகள் தடிக்கின்றன. நீங்கள் சொல்லும் குழப்பத்தின் தன்மையும் இதுவே.

அப்படியானால் அதிக வெளியீட்டுப் பிக்கப்புகள் ஏன் உருவாயின என்று கேட்கத் தோன்றும். கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1957 முதல் கிட்டார்களில் பொருத்தப்பட்ட ஹம்பக்கரின் நோக்கம் இரைச்சலை நீக்குவதாக மட்டுமே இருந்தது. எதிரெதிர் காந்த முனைகள் கொண்ட இரு சுருள்களை எதிர்த் திசையில் இணைத்தால், வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தந்தியின் ஒலி மட்டும் கூடிக்கொள்ளும். பிஏஎஃப் (‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று இன்றும் போற்றப்படும் அந்தப் பழைய பிக்கப்புகள் பெரும்பாலும் 7 முதல் 9 கிலோ ஓம் வரைதான் காட்டும். 1970களில், ஆம்பின் வால்வுகளைத் திணறடித்து டிஸ்டார்ஷன் வரவழைக்க விரும்பியவர்களுக்காக டிமார்ஸியோவின் சூப்பர் டிஸ்டார்ஷன் போன்ற செராமிக் காந்தப் பிக்கப்புகள் வந்தன. இன்றைய ஆம்புகளிலும் பெடல்களிலும் வேண்டிய அளவு கெயின் (சமிக்ஞையைப் பெருக்கும் திறன்) இருக்கும்போது, அந்த வேலையைப் பிக்கப்பிடம் ஒப்படைக்க வேண்டிய கட்டாயம் பலருக்கும் இல்லை என்பதே என் கருத்து.

எனவே பிரிட்ஜ் பக்கத்துக்கு, அல்நிகோ 5 காந்தத்துடன் மிதமாகச் சுற்றப்பட்ட ஒன்றைத் தேடுங்கள். அல்நிகோ 2 மென்மையானது; அதன் அடி ஒலி சற்றுத் தளர்ந்திருக்கும் என்பதால் உங்கள் தேவைக்கு அது இரண்டாம் இடமே. செராமிக் இறுக்கமாகவும் கூர்மையாகவும் ஒலிக்கும். ஆனால் சுற்று மாறினால் இந்தக் குணங்களும் மாறும்; காந்தத்தின் பெயரை மட்டும் வைத்து ஒலியை வர்ணிக்கும் விளம்பரங்களை நான் பாதிதான் நம்புவேன்.

இவ்வளவுக்கும் முன்பாகச் செலவில்லாத இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள். கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து, தந்திக்கும் பிக்கப்பின் காந்த முனைக்கும் உள்ள இடைவெளியை அளந்து, பிரிட்ஜில் சுமார் 1.6 மி.மீ., நெக்கில் (கழுத்துப் பக்கப் பிக்கப்பில்) சுமார் 2.4 மி.மீ. என்று வைத்துத் தொடங்கி, தடித்த தந்திகளின் பக்கத்தைச் சிறிது சிறிதாக இறக்கிக் கேளுங்கள். பல கிட்டார்களில் குழப்பம் இதிலேயே பாதி குறைந்துவிடும். அடுத்து, பின்மூடியைத் திறந்து, வால்யூம் பாட்டின் (குமிழுக்கு அடியில் உள்ள மாறு மின்தடையின்) மேல் என்ன அச்சிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஹம்பக்கருக்கு வழக்கமானது 500 கிலோ ஓம். அங்கே 250 இருந்தால் உச்ச ஒலி அங்கேதான் வடிகிறது. பாட்டை மாற்றினால் போதும், பிக்கப் இருந்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: தந்திகளின் இடைவெளியும் பிக்கப் முனைகளின் இடைவெளியும் சரியாகப் பொருந்தாவிட்டால் ஒலி கெடுமா?

பதில்: பார்வைக்குத்தான் உறுத்தும். பழைய கிப்சன் அளவு சுமார் 50 மி.மீ.; ஃபெண்டர் பாணி ட்ரெமோலோ உள்ள கிட்டார்களுக்கு 52 அல்லது 53 மி.மீ. அளவில் தனியே செய்கிறார்கள். காந்தப் புலம் முனையைத் தாண்டியும் பரவியிருப்பதால், தந்தி ஒரு மி.மீ. விலகியிருப்பதைக் காது கண்டுபிடிப்பது அரிது. இருந்தாலும் புதிதாக வாங்கும்போது, பிக்கப் இருக்கும் இடத்தில் முதல் தந்தியின் நடுவிலிருந்து ஆறாம் தந்தியின் நடுவரை அளந்துகொண்டு வாங்குங்கள்.

கேள்வி: நான்கு வயர் உள்ள பிக்கப் வாங்கினேன். நெக்கில் வேறு நிறுவனத்தின் பிக்கப் உள்ளது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் ஒலி மெலிந்து மூக்கால் பேசுவது போலிருக்கிறது. பிக்கப் பழுதா?

பதில்: பழுது இல்லை, இரண்டும் ஃபேஸ் மாறி இணைந்துள்ளன; அதாவது ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்கி, ஒன்றையொன்று தேய்க்கின்றன. வயர்களின் நிறத்துக்குப் பொது விதி கிடையாது. சீமோர் டங்கனில் கறுப்பு ஹாட் (சமிக்ஞை செல்லும் வயர்), பச்சை கிரவுண்ட் (தரை இணைப்பு). டிமார்ஸியோவில் சிவப்பு ஹாட், பச்சை கிரவுண்ட். ஒன்றின் வரைபடத்தைப் பார்த்து மற்றொன்றை இணைத்தால் சிக்கல்தான். புதிய பிக்கப்பில் ஹாட்டையும் கிரவுண்டையும் இடம் மாற்றிச் சால்டர் செய்யுங்கள். உறையில்லாத வெறும் வயர் மட்டும் எப்போதும் கிரவுண்டிலேயே இருக்க வேண்டும். பின்னல் உறையுள்ள பழைய ஒற்றை வயர் பிக்கப்பில் இப்படி மாற்றக் கூடாது. அதன் உலோக உறையே ஹாட் ஆகி, கை பட்டதும் இரையும்.

நான்கு வயர் இருப்பதால் சுருள்களை வேறு விதமாகவும் இணைக்கலாம். ஒரு சுருளை மட்டும் ஒலிக்க விடும் ஸ்ப்ளிட் முறையில் ஒலியளவு குறைவதோடு, ஹம்பக்கர் விரட்டிய இரைச்சலும் திரும்பி வரும். இரு சுருள்களும் பக்க இணைப்பில் ஒலிக்கும் பேரலல் முறையில் ஒலி மெலிந்தாலும் இரைச்சல் வராது. மேடையில் வாசிப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதையே.

கேள்வி: பாட்டரியில் இயங்கும் ஆக்டிவ் ஹம்பக்கருக்கு மாற விரும்புகிறேன். பழைய பாட்களையே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: முடியாது. இஎம்ஜி போன்ற ஆக்டிவ் பிக்கப்புகளுக்கு 25 கிலோ ஓம் பாட்கள் வேண்டும். 500 இருந்தால் வால்யூம் குமிழ் படிப்படியாகக் குறைக்காமல், கிட்டத்தட்ட சுவிட்சைப் போல ஒரே இடத்தில் ஒலியை நிறுத்தும். 9 வோல்ட் பாட்டரிக்கு உள்ளே இடம் இருக்கிறதா என்பதையும், ஜாக் ஸ்டீரியோ வகையா என்பதையும் வாங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்; கேபிளைச் செருகும்போது பாட்டரியை இணைப்பதும், கழற்றும்போது துண்டிப்பதும் அந்த ஜாக்தான்.